கொலோன் நகரத்துக் கணக்கு வாத்தியார்

'ஓம்' என்று சொன்னால் நம்மில் பலருக்குக் கோயில் மணியும் கர்ப்பூர வாசனையும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தால், அதே சொல் 'ஆமாம்' என்ற பொருளில் நூறு தடவை காதில் விழும். பழைய ஜெர்மன் வழக்கில் அதற்குத் தாய்மாமன் என்று அர்த்தமாம். பிள்ளைகளின் பௌதிகப் புத்தகத்தில் வருகிறதே, அந்த 'ஓம்' இவற்றில் எதுவும் இல்லை. அது ஒரு மனிதருடைய பெயர். பூட்டுச் செய்து பிழைத்த ஒருவருடைய மகன். தொழில், பள்ளிக்கூட உபாத்தியாயர். ஒரு சின்ன வகுத்தல் கணக்கைக் கண்டுபிடித்த குற்றத்துக்காக வாழ்க்கையில் ஏறக்குறையப் பதினைந்து வருஷங்களைத் தொலைத்தவர்.

கணக்கு உண்மையிலேயே சின்னதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். அதாவது மின்சாரத்துக்குக் கம்பி தருகிற தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். அதாவது விநாடிக்கு விநாடி செலவாகிற சக்தி. மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை வோல்ட் என்றும், குழாயில் ஓடும் நீரை ஆம்பியர் என்றும், குழாயின் குறுகலை ஓம் என்றும் வைத்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடத்தில் ஒரு முக்கோணம் போட்டு, வேண்டியதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு விடை சொல்லப் பழக்குகிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறதா? ஆயிரத்தை 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம். இடைவிடாமல் ஒரு மணி நேரம் மின்சாரம் ஓடினால் ஒரு யூனிட். குளியலறை ஹீட்டர் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய பிளக்தான் வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான், கமிஷனுக்காக இல்லை.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவதும் இதே கணக்குத்தான். உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை தரும். நனைந்துவிட்டால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். சின்ன எண்ணாகத்தான் தோன்றுகிறது. ஆனால் வீடுகளில் இப்போது பொருத்தும் பாதுகாப்புச் சுவிட்சு, 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதைவிட ஏழு மடங்குக்கு மேல் பெரியது இந்தச் சின்ன எண்.

இப்படி மூன்றாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கைக் கண்டுபிடிப்பதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். வகுப்பதற்கு இரண்டு எண்கள் வேண்டும் அல்லவா? 1825ல் அந்த இரண்டு எண்களும் உலகத்தில் இல்லை. வோல்ட் இல்லை; ஆம்பியர் இல்லை; மீட்டர் இல்லை. வோல்டா தம்முடைய மின் அடுக்கை உலகத்துக்கு அறிவித்தது 1800ல். மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்திலுள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் கண்டது 1820ல். அதற்கு முன்பெல்லாம் மின்சாரத்தின் பலத்தைப் பார்க்க வேண்டுமென்றால், சுலபமாகக் கைக்குக் கிடைத்த கருவி மனிதனுடைய உடம்புதான்.

அந்தக் கருவியை வைத்துக்கொண்டே ஒருவர் வெகுதூரம் போயிருக்கிறார். இங்கிலாந்தில் ஹென்றி காவெண்டிஷ் என்று ஒரு பிரபு வம்சத்தவர். பெரும் பணக்காரர், அதைவிடப் பெரிய கூச்சக்காரர். வீட்டு வேலைக்காரிகளின் முகத்தில் விழிக்க அஞ்சி, வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துவிடுவாராம். அவர் உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தம்முடைய உடம்பில் பாய்ச்சிக்கொள்வார். இந்தக் குழாய் வழியாக வந்த அதிர்ச்சி பலமா, அந்தக் குழாய் வழியாக வந்தது பலமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டும் சமமாகும் வரையில் குழாயில் நீர்த்தம்பத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார். இரும்புக் கம்பி மழைத் தண்ணீரைவிட நாற்பது கோடி மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று இந்த மாதிரி உதறல்களிலிருந்தே கணக்குப் போட்டார். 1781ல், ஓட்டத்துக்கும் தடைக்கும் உள்ள உறவைக்கூட அநேகமாகத் தொட்டுவிட்டார். தொட்டவர் காகிதங்களை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். அவருக்குப் புகழ் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காகிதங்களைத் தேடிப் பிடித்து மாக்ஸ்வெல் அச்சிட்டது 1879ல். ஏறக்குறைய நூறு வருஷம்! வாயில்லாத பிள்ளை பிழைக்காது என்பார்கள். வாய் திறக்காத விஞ்ஞானியால் மற்றவர்களும் பிழைக்க முடிவதில்லை.

காவெண்டிஷுக்குப் பணம் இருந்தது; பேச்சு இல்லை. ஓம் பேசத் தயாராக இருந்தார், பணந்தான் இல்லை.

ஜார்ஜ் சைமன் ஓம், இன்று பவேரியாவில் இருக்கும் எர்லாங்கன் என்ற ஊரில், 1789ஆம் வருஷம் மார்ச் மாதம் பிறந்தார். தகப்பனார் பூட்டுத் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்து மூன்றுதான் தங்கின. ஜார்ஜுக்குப் பத்து வயதாகும்போது தாயாரும் போய்விட்டாள். தகப்பனார் ஒரு விசித்திரமான மனிதர். பள்ளிக்கூடத்துக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. ஆனாலும் தாமாகவே உயர்ந்த கணிதமும் தத்துவமும் படித்தார். படித்ததைத் தம் இரண்டு பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அதோடு அரத்தையும் சுத்தியலையும் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். எர்லாங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர் ஜார்ஜைப் பரீட்சித்துவிட்டு, கணிதத்துக்குப் பெயர்போன பெர்னூலி குடும்பத்தைப் போல இந்தப் பூட்டுக்காரர் வீட்டிலிருந்தும் ஒரு ஜோடி வரப்போகிறது என்றாராம். இளையவன் மார்ட்டினும் பின்னால் கணிதப் பேராசிரியர்தான் ஆனான்.

1805ல் ஜார்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தான். அங்கே நடனம், பனிச் சறுக்கல், பில்லியர்ட்ஸ் இந்த மூன்று பாடங்களிலும் நல்ல தேர்ச்சி பெற்றான். தகப்பனாருக்குச் செய்தி எட்டியது. தமக்குக் கிடைக்காத கல்வி மகனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் அதைப் பந்தாடிக்கொண்டிருக்கிறான். எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியாதா? மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. பையனை ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார். அப்போது வயது பதினேழு. அந்தத் தண்டனையிலிருந்து ஓம் தப்பவே இல்லை என்று சொல்லலாம். 1811ல் ஊருக்குத் திரும்பி டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனாலும் சம்பளம் வாங்கியதெல்லாம் வாத்தியாராகத்தான். அதுவும் அரைகுறைச் சம்பளம். பாம்பெர்க் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே அவதிப்பட்டுக்கொண்டே 1817ல் ஒரு ஜியோமிதிப் புத்தகம் எழுதினார். அதைப் பிரஷ்யா அரசருக்கு ஒரு பிரதி அனுப்பினார். அது வேலை செய்தது. கொலோன் நகரத்தில் ஜெஸூட் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நல்ல பரிசோதனைச் சாலை ஒன்றும் இருந்தது.

அங்கேதான் அவர் மின்சாரத்தின் பக்கம் திரும்பினார். பெரிய சர்வகலாசாலையில் ஒரு நாற்காலி வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. ஏதாவது பெரிதாகக் கண்டுபிடித்து அச்சிட்டால் அது கிடைக்கும் என்று நம்பினார். இந்தத் தொண்டில் புனிதமும் கிடையாது, பாவமும் கிடையாது. உத்தியோக உயர்வுக்காகச் செய்த காரியம். ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள்.

1825ல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரை சரியாக அமையவில்லை. கம்பி நீண்டுகொண்டே போனால் மின்சாரத்தின் பலம் எந்த விகிதத்தில் குறைகிறது என்பதுதான் கேள்வி. அவருக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. ஆனால் அது தப்பான சூத்திரம். காரணம் சூத்திரத்தில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. அந்தக் காலத்து மின்கலம், இணைத்தவுடன் பாய்ந்து வந்து கொஞ்ச நேரத்தில் களைத்துப்போகும் மாட்டைப் போன்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பலம் மாறும். களைத்த மாட்டை வைத்துக்கொண்டு பாதையின் நீளத்தை அளக்க முடியுமா? இந்தக் கட்டுரையைப் பார்த்த போக்கெண்டார்ஃப் என்ற பத்திரிகாசிரியர் ஓமுக்கு ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டுவிடுங்கள், ஸீபெக் கண்டுபிடித்திருக்கும் வெப்ப மின்சாரத்தைக் கையாண்டு பாருங்கள் என்றார். பத்திரிகாசிரியர்கள் சொல்லும் யோசனைகள் எல்லாமே வீண் இல்லை என்பதற்கு இதை ஓர் அத்தாட்சியாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸீபெக் 1821ல் கண்டது இது: இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் அதில் மின்சாரம் ஓடும். ஓம் ஒரு பிஸ்மத் பட்டையையும் செப்புப் பட்டைகளையும் இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறுமுனை பனிக்கட்டியில். கொதிக்கும் தண்ணீர் எப்போதும் ஒரே சூடு. உருகும் பனிக்கட்டி எப்போதும் ஒரே குளிர்ச்சி. ஆகவே மின்சாரத்தை உந்துகிற பலமும் மணிக்கணக்கில் மாறாமல் நிற்கும். மாடு இப்போது களைப்பதே இல்லை.

ஓட்டத்தை அளப்பதற்கு ஒரு காந்த ஊசியை மெல்லிய தங்கத் தகட்டு இழையில் தொங்கவிட்டார். மின்சாரம் ஓடும்போது ஊசி விலகும். மேலே இழையைப் பிடித்திருக்கும் குமிழைத் திருகி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எத்தனை திருகினோமோ அத்தனை பலம். பூட்டுக்காரரிடம் கற்ற கைவேலை இங்கே உதவிற்று. கணிதப் பண்டிதர்களுக்கு அரம் பிடிக்கத் தெரியாது. அரம் பிடிப்பவர்களுக்குக் கணிதம் தெரியாது. இந்த ஒரு வாத்தியாருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

1826 ஜனவரி மாதம். ஒரே கனமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகள். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்துத் திருகலைக் குறித்துக்கொண்டார். ஜனவரி 8ஆம் தேதி அவர் எழுதி வைத்த எண்கள் வரிசையாக இவை: 326¾, 300¾, 277¾, 238¼, 190¾, 134½, 83¼, 48½. கம்பி நீள நீள எண் குறைகிறது, சரி. ஆனால் நீளம் இரட்டித்தால் எண் பாதியாகவில்லையே? ஓம் யோசித்தார். மின்சாரம் இந்தக் கம்பியில் மட்டுமா ஓடுகிறது? பிஸ்மத் பட்டை, செப்புப் பட்டை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதானே வருகிறது? அவற்றுக்கும் தடை இருக்குமே! அதையும் இந்தக் கம்பியின் நீளமாகவே எண்ணி 20¼ அங்குலம் என்று வைத்துக் கூட்டிக்கொண்டார்.

கூட்டிய பிறகு என்ன ஆகிறது என்று ஒரு காகிதத்தை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், கதை படிப்பவர்களுக்குப் பெருக்கல் வராது என்பது ஒரு அவதூறு. முதல் கம்பி: 2ஓடு 20¼ஐக் கூட்டினால் 22¼. அதை 326¾ஆல் பெருக்கினால் 7270. ஐந்தாவது கம்பி: 38¼ஐ 190¾ஆல் பெருக்கினால் 7296. கடைசிக் கம்பி: 150¼ஐ 48½ஆல் பெருக்கினால் 7287. கம்பி அறுபத்தைந்து மடங்கு நீண்டுவிட்டது. பெருக்குத் தொகை அசையவில்லை! பத்து அங்குலக் கம்பிக்கு 7207, அறுபத்தாறு அங்குலத்துக்கு 7180 என்று கொஞ்சம் இறங்குவதையும் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைக் குறைவு. அதையும் திருத்தி அழகுபடுத்தாமல் அப்படியே அச்சிட்டிருக்கிறாரே, எனக்கு அந்த இரண்டு எண்களின் மேல்தான் அதிகப் பிரியம்.

பிறகு கொதிநீரை எடுத்துவிட்டு, அந்த முனையை அறையின் சாதாரணச் சூட்டிலேயே விட்டுவிட்டு மறுபடி அளந்தார். ஏழாயிரத்துச் சொச்சம் என்ற பெருக்குத் தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. 20¼ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, முன்னது மின்சாரத்தைத் தள்ளுகிற பலம். பின்னது வழியிலுள்ள தடை. சூடு மாறினால் முன்னது மாறும், பின்னது மாறாது. இதுவரையில் 'மின்சாரம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்ததை இப்படி மூன்றாகப் பிரித்துவிட்டார்: தள்ளுவது ஒன்று, ஓடுவது ஒன்று, தடுப்பது ஒன்று. முதலாவதை மூன்றாவதால் வகுத்தால் இரண்டாவது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

இதை இப்படியே எழுதியிருந்தால் உலகம் புரிந்துகொண்டிருக்குமோ என்னவோ. அவர் அரைச் சம்பளத்தில் ஒரு வருஷம் விடுமுறை வாங்கிக்கொண்டு, தம்பி இருந்த பெர்லினுக்குப் போனார். 1827ல் மின்சுற்றைப் பற்றிய கணிதப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். வெப்பம் பரவுவதைப் பற்றி ஃபூரியே 1822ல் எழுதியிருந்த கணிதத்தின் சாயலில், எல்லாவற்றையும் முதல் கொள்கைகளிலிருந்து வருவித்துக் காட்டுகிற புத்தகம். கொதிநீரும் பனிக்கட்டியும் தங்க இழையும் அதில் முக்கிய இடம் பெறவில்லை. நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் இலக்கணம் எழுதிவிட்டார்!

பரிசோதனை செய்பவர்களுக்கு அந்தக் கணிதம் விளங்கவில்லை. தத்துவவாதிகளுக்கோ அது பிடிக்கவே இல்லை. அப்போது பெர்லினில் ஹெகலின் தத்துவத்துக்கு ஏக செல்வாக்கு. இயற்கையை உள்ளுணர்வால் முழுமையாக உணர வேண்டும், அளந்து கூறுபோடக் கூடாது என்று நினைத்தவர்கள் பலர். அந்த வட்டாரத்துப் பத்திரிகையில் போல் என்பவர் 1828ல் ஒரு மதிப்புரை எழுதிப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டார். இப்படிப்பட்ட அபசாரங்களைப் பிரசாரம் செய்கிறவன் வாத்தியாராக இருக்கவே லாயக்கில்லை என்று ஓர் அமைச்சர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை கட்டுவதே பிழைப்பான எனக்கு அதைக் கேட்டால் சந்தேகந்தான் வருகிறது. அமைச்சர்கள் பௌதிகப் புத்தகம் படித்துவிட்டு இவ்வளவு சுருக்கென்று பேசமாட்டார்கள். நடந்தது அதைவிடச் சாதாரணம், அதைவிடக் கசப்பு. எதிர்பார்த்த நாற்காலி வரவில்லை. 1828 மார்ச் மாதம் ஓம் கொலோன் வேலையை ராஜிநாமா செய்தார். மனிதருக்கு ரோசம் அதிகம்.

பிறகு ஐந்து வருஷம் பெர்லினில் அங்கும் இங்கும் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலந்தள்ளினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1833ல் நூரெம்பெர்க் தொழிற்பள்ளியில் வேலை கிடைத்தது. பேராசிரியர் என்ற பெயரும் கிடைத்தது. ஆனாலும் அது சர்வகலாசாலை இல்லை. இதற்கிடையில் லைப்ஸிக்கில் ஃபெஹ்னர் என்பவர் ஏராளமான பரிசோதனைகள் செய்து ஓம் சொன்னது சரி என்று காட்டியிருந்தார். வெளிநாட்டில் மெல்ல மெல்லப் பெயர் பரவிற்று. 1841ல் லண்டன் ராயல் சொஸைட்டி தன்னுடைய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அந்த வருஷமே புத்தகம் ஆங்கிலத்திலும் வந்தது. கண்டுபிடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. சொந்த நாடு இன்னும் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டது. 1852ல் ம்யூனிச் சர்வகலாசாலை பௌதிகப் பேராசிரியர் நாற்காலியில் அவரை உட்கார வைத்தபோது வயது அறுபத்து மூன்று. 1854 ஜூலையில் இறந்துபோனார். ஆசைப்பட்ட நாற்காலியில் இரண்டு வருஷம் உட்கார்ந்தார்.

பெருக்கல் கணக்கைக் கண்டுபிடித்தவரின் கதை இவ்வளவு சோகமில்லை. ஜேம்ஸ் ஜூல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்தவருடைய பிள்ளை. சின்ன வயதில் அவருக்குப் பாடம் சொன்னவர் அணுக்கொள்கை ஜான் டால்டன். சாப்பாட்டுக்குக் கவலையில்லாத வீடு. இருபது, இருபத்தொரு வயதில் வீட்டிலேயே கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஓடவிட்டு, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் ஆம்பியர் இல்லை. ஆகவே அவரே ஓர் அளவை வைத்துக்கொண்டார்: ஒரு மணி நேரத்தில் 9 கிரெயின் எடைத் தண்ணீரைப் பிரிக்கிற ஓட்டம் எதுவோ, அது ஒரு டிகிரி. 1840ல் அவர் சொன்ன முடிவு: உண்டாகும் சூடு தடையின் விகிதத்தில் இருக்கும், ஆனால் ஓட்டத்தின் வர்க்கத்தின் விகிதத்தில் இருக்கும். ராயல் சொஸைட்டி அதில் ஒரு சுருக்கத்தை மட்டும் அச்சிட்டது. முழுக் கட்டுரை அடுத்த வருஷம் வேறு பத்திரிகையில்தான் வந்தது.

வர்க்கம் என்ற அந்த ஒரு சொல்லில் பெரிய விஷயம் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் கம்பியின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுக்கும்போது கம்பியில் விரயமாகும் சூடு ஒன்பதரை வாட். ஹீட்டர் அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டம் இழுக்கிறது; சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு; ஏறக்குறைய முப்பத்தெட்டு வாட். ஒரே பிளக்கில் மூன்று சாமான்களைச் செருகுகிற வீடுகளில் ஒயர் உருகி நாற்றமடிப்பது இந்த வர்க்கத்தின் வேலைதான். ஜூல் சொன்னதில் ஓட்டத்தை இரண்டு தடவையும் தடையை ஒரு தடவையும் பெருக்குகிறோம். ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் வோல்ட் என்று ஓம் சொல்லிவிட்டார். ஆகவே மிஞ்சுவது வோல்ட் தடவை ஆம்பியர். அதுதான் வாட். கொலோன் வாத்தியாரும் பீர் ஆலைப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் சந்தித்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய சூத்திரங்கள் சந்தித்துக்கொண்டன.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓமின் விதிக்கு எல்லாப் பொருளும் கட்டுப்படுவதில்லை. பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துக் கணக்குப் போட்டால் 880 ஓம் என்று வரும். அணைந்து ஆறிக் கிடக்கும்போது அதையே அளந்தால் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூடேறினால் டங்ஸ்டன் இழையின் தடை ஏறுகிறது. ஓம் அளந்த செப்புக் கம்பிகள் சூடேறாதபடி மின்சாரம் அவ்வளவு மெலிதாக ஓடியது அவருடைய அதிர்ஷ்டம்.

இந்தக் கணக்கு வெறும் பள்ளிக்கூடக் கணக்கு இல்லை என்று உலகத்துக்கு உறைத்தது அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில். அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கம்பி போடக் கம்பெனி ஒன்று முனைந்தது. கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்ஸன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, கம்பிக்கான தாமிரத்தைச் சோதித்துப் பார்த்தார். கடையில் ஒரே பெயரில் ஒரே விலைக்கு விற்ற தாமிரத் துண்டுகளின் தடை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டது. கம்பெனியின் மின்சார நிபுணரோ, வைட்ஹவுஸ் என்ற சத்திர சிகிச்சை மருத்துவர். அவருக்கு இந்தக் கணக்குகளில் நம்பிக்கையில்லை. 1858 ஆகஸ்டு 5ஆம் தேதி கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா ராணியின் வாழ்த்து 98 சொற்கள். அது போய்ச் சேர ஏறக்குறையப் பதினாறு மணி நேரம் பிடித்தது. வைட்ஹவுஸ் பெரிய சுருள்களை வைத்து 2000 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பார்த்தார். செய்யும்போதே பழுதுபட்டிருந்த கம்பி அதைத் தாங்கவில்லை. ஒரு மாதத்துக்குள் வாய் மூடிவிட்டது. மொத்தப் பணமும் கடலில். விசாரணைக் குழு போட்டார்கள். 1861ல் அறிக்கை வந்தது. அந்த வருஷந்தான் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் மின்தடைக்கு ஒரு நிலையான அளவு வகுக்கக் குழு அமைத்தது. 1866ல் போட்ட கம்பி பேசியது. அதில் தாமிரத்தின் தடையை முன்கூட்டியே அளந்து வாங்கியிருந்தார்கள்.

அளவு வந்தால் பெயர் வேண்டாமா? 1861லேயே க்ளார்க், ப்ரைட் என்ற இரண்டு தந்தி என்ஜினீயர்கள் விஞ்ஞானிகளின் பெயர்களைச் சூட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆனால் அவர்கள் தள்ளும் பலத்துக்கு 'ஓமா' என்றும், தடைக்கு 'வோல்ட்' என்றும் பெயர் வைத்தார்கள்! அது நிலைத்திருந்தால் இன்று நம் வீட்டுக்கு 230 ஓம் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். நல்லவேளையாகப் பிறகு மாற்றிக்கொண்டார்கள். 1881ல் பாரிஸ் மாநாட்டில் ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றும் இன்றுள்ள பொருளில் உலகத்துக்குப் பொதுவாயின. ஓம் இறந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. பின்னால், 1980ல், க்ளிட்ஸிங் என்ற இன்னொரு ஜெர்மானியர் கடுங்குளிரிலும் பலத்த காந்தத்திலும் ஒரு குறைகடத்தியை வைத்து அளந்தபோது, இயற்கையே 25,812.8 ஓம் என்று ஒரு தடையை நிரந்தரமாக வைத்திருப்பது தெரியவந்தது. இப்போது உலகத்திலுள்ள சோதனைச் சாலைகள் ஓமைச் சரிபார்ப்பது அதைக் கொண்டுதான்.

வாட் என்ற பெயரை 1882ல் வில்லியம் ஸீமென்ஸ் முன்மொழிந்தார். நீராவி எந்திரத்து ஜேம்ஸ் வாட்டுக்கு மின்சாரத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. தம்முடைய எந்திரம் எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று சுரங்க முதலாளிகளிடம் கணக்குச் சொல்லி விற்றவர். ஒரு குதிரைத் திறனுக்கு 746 வாட். வாட்டையும் ஜூலையும் மின்சார மாநாடு ஏற்றுக்கொண்டது 1889 ஆகஸ்டு மாதத்தில். ஜூல் அப்போது உயிரோடிருந்தார்; நெடுநாள் நோயாளி. அக்டோபர் 11ஆம் தேதி காலமானார். அவருடைய கல்லறையில் 772.55 என்று ஓர் எண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஃபாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி சூடேற்ற எத்தனை வேலை செய்ய வேண்டும் என்று 1878ல் அவர் கடைசியாக அளந்தபோது வந்த விடை அது.